வலைப் படிவத்தில் எழுத்து ஏறவில்லையா? தட்டச்சு ஸ்கிரிப்டின் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் களையும் முறை

தமிழ் நூல்களை இணையத்தில் விற்கும் ஒரு சிறு விநியோக அலுவலகத்துக்காக, நூலின் தலைப்பு, ஆசிரியர், ஐஎஸ்பிஎன், விலை, வெளியான தேதி, பின்னட்டைக் குறிப்பு ஆகியவற்றை எக்செல் கோப்பிலிருந்து எடுத்து வலைப் படிவங்களில் இடும் ஸ்கிரிப்டுகளைச் சில ஆண்டுகளாக எழுதிப் பராமரித்து வருகிறேன். பைத்தான் மொழியில், உலாவியைத் தானாக இயக்கும் செலினியம், பிளேரைட் ஆகிய இரு கருவிகளையும் பயன்படுத்துகிறேன். தளங்கள் மாறினாலும் கோளாறுகள் பெரும்பாலும் அவையேதான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடாமல் இருப்பதற்காக எழுதி வைத்த குறிப்புகளின் விரிவே இது. உங்கள் திரையில் தெரியும் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேரே செல்லலாம். ஒவ்வொரு தலைப்பின் கீழும் எளிய காரணம் முதலிலும், நேரமும் பணமும் பிடிக்கும் காரணம் கடைசியிலும் உள்ளன.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

பழுது வந்த அதே எக்செல் வரிசையை, அதே படிவத்தில், உங்கள் கையாலேயே ஒரு முறை தட்டச்சு செய்து சேமித்துப் பாருங்கள். கையால் இட்டும் தளம் ஏற்கவில்லையென்றால் பழுது தரவில் உள்ளது அல்லது தளத்தில் உள்ளது. ஸ்கிரிப்டைத் திருத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். கையால் இட்டது சரியாகச் சேர்ந்தால், ஸ்கிரிப்டை ஒரே ஒரு வரிசைக்கு மட்டும், உலாவிச் சாளரம் கண்ணுக்குத் தெரியும்படி ஓடவிடுங்கள். சாளரமே காட்டாத ஹெட்லெஸ் முறையில் ஓடும் ஸ்கிரிப்டின் பழுதைத் தேடுவது, விளக்கை அணைத்துவிட்டு ஊசியைத் தேடுவதற்கு ஒப்பானது.

அதன்பின், புலத்தில் இட்ட மதிப்பை அப்புலத்திலிருந்தே திரும்பப் படித்து, மூலக் கோப்பில் உள்ள மதிப்போடு ஒப்பிட்டு அச்சிடும் இரண்டு வரிகளை ஸ்கிரிப்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். செலினியத்தில் கெட் அட்ரிபியூட் கட்டளைக்கு வேல்யூ என்ற பெயரைக் கொடுத்தும், பிளேரைட்டில் இன்புட் வேல்யூ கட்டளையாலும் இதைப் பெறலாம். செலினியத்தின் டெக்ஸ்ட் பண்பை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. உள்ளீட்டுப் புலங்களுக்கு அது எப்போதும் வெற்றாகவே வரும். எழுத்து ஏறவில்லை என்று பலர் தவறாக முடிவு செய்வதற்கு அதுவே காரணம். இந்தத் திரும்பப் படிக்கும் வழக்கம் ஒன்றைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வற்புறுத்துவேன். பிழைச்செய்தியோடு நின்றுவிடும் ஸ்கிரிப்ட் பெரிய தீங்கு செய்வதில்லை. தவறான எழுத்தை இட்டுவிட்டு வெற்றி என்று சொல்லும் ஸ்கிரிப்டே ஆபத்தானது.

## அறிகுறி 1: எழுத்தே விழவில்லை, ஸ்கிரிப்ட் பிழைச்செய்தியுடன் நின்றுவிடுகிறது

உலாவியே திறக்கவில்லை என்றால்

குரோம் தானாகவே புதுப்பித்துக்கொண்டு, அதைச் செலினியத்தோடு இணைக்கும் குரோம்டிரைவர் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டிருக்கும். செலினியம் 4.6 முதல், பொருத்தமான டிரைவரைத் தானே தேடி எடுக்கும் செலினியம் மேனேஜர் உடன் வருகிறது. ஆகவே செலினியத்தைப் புதுப்பித்துவிட்டு, ஸ்கிரிப்டில் கையால் எழுதி வைத்திருக்கும் டிரைவர் பாதையை நீக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

"நோ சச் எலிமெண்ட்" என்று வந்தால்

பக்கம் முழுதாக வருவதற்கு முன் ஸ்கிரிப்ட் தேடியிருக்கலாம் என்பதே முதல் ஐயம். சோதிப்பதற்காக மட்டும், தேடும் வரிக்கு முன் ஐந்து விநாடி காத்திருக்கச் செய்யுங்கள். அப்போது சரியாக ஓடினால் காரணம் உறுதியாகிறது. பின்னர் அந்த ஐந்து விநாடியை எடுத்துவிட்டு, அக்குறிப்பிட்ட புலம் தோன்றும்வரை காத்திருக்கும் வெளிப்படையான காத்திருப்பை வையுங்கள். பிளேரைட் இதைத் தானாகவே செய்கிறது, இயல்பாக 30 விநாடி வரை காத்திருக்கும்.

காத்திருந்தும் கிடைக்கவில்லையென்றால், புலத்தின் ஐடியை உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் பார்த்து, பக்கத்தைப் புதுப்பித்து மறுபடியும் பாருங்கள். ஐடியின் கடைசியில் உள்ள எண் மாறியிருந்தால் அது பக்கம் திறக்கும்போது உருவாக்கப்படும் பெயர், அதை நம்பக் கூடாது. புலத்தின் நேம், அதன் லேபிள், பிளேஸ்ஹோல்டர் ஆகியவற்றைக் கொண்டு தேடுங்கள். மனிதர்கள் பார்க்கும் லேபிளைத் தளத்தார் அடிக்கடி மாற்றுவதில்லை.

அதுவும் சரியாக இருந்தால், புலம் ஐஃப்ரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் பதித்த தனிப் பக்கத்துக்குள், இருக்கிறதா என்று பக்கக் கட்டமைப்பில் மேலே ஏறிப் பாருங்கள். பின்னட்டைக் குறிப்பு போன்ற நீண்ட உரைக்கான எடிட்டர்கள் பல, தனி ஐஃப்ரேமுக்குள்தான் வாழ்கின்றன. செலினியத்தில் முதலில் அந்த ஃபிரேமுக்கு மாறி, இட்டு முடித்தபின் மூலப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்ப மறந்தால் அடுத்த புலம் கிடைக்காது. பழுது அடுத்த புலத்தில் இருப்பதாகத் தோன்றும். ஷேடோ டாம் என்ற உறைக்குள் புலம் இருந்தால், செலினியம் 4-இல் ஷேடோ ரூட் வழியாகச் செல்லலாம். திறந்த உறையாக இருந்தால் பிளேரைட் தானே ஊடுருவும்; மூடிய உறையாக இருந்தால் இதில் தேர்ந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

"எலிமெண்ட் நாட் இன்டராக்டபிள்" என்று வந்தால்

புலம் கிடைத்தது, ஆனால் தொட முடியவில்லை என்பது பொருள். கைபேசிக்கு ஒன்றும் கணினிக்கு ஒன்றுமாக அதே படிவத்தை இரண்டு முறை வைத்து, ஒன்றை மறைத்திருக்கும் தளங்கள் நிறைய உள்ளன. புலத்தைத் தேட நீங்கள் எழுதிய செலக்டருக்கு எத்தனை புலங்கள் அகப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு என்று வந்தால் கண்ணுக்குத் தெரிவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குக்கீ ஒப்புதல் பட்டை புலத்தை மூடிக்கொண்டிருந்தால், கிளிக் இடைமறிக்கப்பட்டது என்று வேறொரு செய்தி வரும். பட்டையை மூடிவிட்டுத் தொடருங்கள்.

"ஸ்டேல் எலிமெண்ட்" என்று வந்தால்

புலத்தைத் தேடி மாறியில் வைத்துக்கொண்டபின், பக்கம் அப்பகுதியை மறுபடி வரைந்துவிட்டது. வகையைத் தேர்ந்தெடுத்தவுடன் கீழுள்ள புலங்கள் மாறும் படிவங்களில் இது வழக்கம். இடுவதற்குச் சற்று முன்பு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடினால் போதும்.

## அறிகுறி 2: எழுத்து திரையில் தெரிகிறது, ஆனால் தளம் புலம் காலி என்கிறது

எனக்கு மிகுந்த இழப்பைத் தந்த கோளாறு இது. ஒரு முறை, நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்களின் பின்னட்டைக் குறிப்புகளை வேகத்துக்காக ஜாவாஸ்கிரிப்ட் வழியாக நேரே புலத்தில் எழுதினேன். திரையில் ஒவ்வொரு குறிப்பும் அழகாகத் தெரிந்தது, சேமிப்பும் நடந்தது. அடுத்த நாள் காலையில் அலுவலகத்து அம்மா அழைத்து, "தம்பி, ஒரு புத்தகத்துக்கும் குறிப்பு இல்லையே" என்றார். அத்தனையையும் திறந்து பார்த்தேன், எல்லாமே காலி.

எளிய காரணம்: புலத்தை விட்டு வெளியேறவில்லை

பல படிவங்கள், கர்சர் புலத்தை விட்டு நகரும்போதுதான் மதிப்பைச் சரிபார்த்து ஏற்கின்றன. கடைசிப் புலத்தில் மட்டும் இந்தப் பழுது வந்தால் இதுவே காரணம். இட்டு முடித்தபின் டேப் விசையை ஒரு முறை அனுப்பிப் பாருங்கள்.

அடுத்த காரணம்: பக்கத்துக்குச் செய்தி போகவில்லை

ஜாவாஸ்கிரிப்டால் வேல்யூவை நேரடியாக மாற்றினால் இன்புட், சேஞ்ச் ஆகிய நிகழ்வுகள் எழுவதில்லை. ஆங்குலர், வியூ, ரியாக்ட் ஆகியவற்றால் கட்டப்பட்ட படிவங்கள் இந்த நிகழ்வுகளைக் கேட்டுத்தான் தம் நினைவில் மதிப்பைப் பதிந்துகொள்கின்றன. சேமிக்கும்போது அனுப்புவதும் அந்த நினைவில் உள்ளதையே. சோதிப்பது எளிது: ஸ்கிரிப்ட் இட்டபின் அதே புலத்தில் உங்கள் கையால் ஓர் இடைவெளியைத் தட்டி அழித்துப் பாருங்கள். முடங்கியிருந்த சேமிப்புப் பொத்தான் உடனே உயிர்பெற்றால் காரணம் இதுதான்.

தீர்வுகளில் மலிவானது, நேரடியாக எழுதுவதைக் கைவிட்டு, செலினியத்தின் செண்ட் கீஸ் அல்லது பிளேரைட்டின் ஃபில் கட்டளைக்குத் திரும்புவது. ஃபில் மொத்த உரையையும் ஒரே வீச்சில் இட்டு இன்புட் நிகழ்வையும் எழுப்பிவிடுவதால், வேகமும் கெடுவதில்லை. ஜாவாஸ்கிரிப்டையே பயன்படுத்தியாக வேண்டுமென்றால், வேல்யூவை மாற்றியபின் இன்புட் நிகழ்வை, மேலே பரவும் வகையில், நீங்களே எழுப்ப வேண்டும்.

ரியாக்ட் படிவமாக இருந்தால்

நிகழ்வை எழுப்பியும் ரியாக்ட் ஏற்காமல் போகலாம். ஒவ்வொரு புலத்தின் வேல்யூ மாற்றத்தையும் ரியாக்ட் தனியே கண்காணிக்கிறது. நீங்கள் மாற்றியதை அது முன்பே குறித்துக்கொண்டுவிடுவதால், பிறகு எழும் நிகழ்வைப் பார்த்து எதுவும் மாறவில்லை என்று விட்டுவிடுகிறது. அதற்கு, புலத்தின் மேல் உள்ள செட்டரை (மதிப்பை எழுதும் செயற்கூறை) தவிர்த்து, உலாவியின் அசல் இன்புட் வகையின் முன்மாதிரியில் இருக்கும் வேல்யூ செட்டரை எடுத்து அழைத்து, பின்னர் நிகழ்வை எழுப்ப வேண்டும். பல வரி உரைக்கான டெக்ஸ்ட்ஏரியாவுக்குத் தனி முன்மாதிரி உண்டு. இன்புட்டின் செட்டரை அங்கே பயன்படுத்தினால் பிழைதான் வரும்; நான் ஒரு மாலை முழுவதையும் இதில் இழந்தேன்.

பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டிய புலமாக இருந்தால்

ஆசிரியர் பெயரைத் தட்டத் தட்டக் கீழே பரிந்துரைகள் விரியும் புலங்களில், நீங்கள் இடும் எழுத்து வெறும் தேடல்தான். உண்மையான மதிப்பு, பரிந்துரையைத் தேர்ந்தெடுக்கும்போது மறைவாகப் பதியும் ஓர் எண். இங்கே ஃபில் போதாது. பிளேரைட்டில் பிரஸ் சீக்வென்ஷியலி கட்டளையால் முதல் சில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டி, பட்டியல் விரியும்வரை காத்திருந்து, பெயர் முழுமையாகப் பொருந்தும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வரியையே கண்மூடித் தேர்ந்தெடுக்கும் குறுக்குவழி வேண்டாம்; ஒரே பெயருடைய இரண்டு எழுத்தாளர்கள் தமிழில் அரிதல்ல.

எங்கே நிறுத்துவது

திரையில் உள்ளதும், திரும்பப் படித்ததும், சேமிக்கும்போது அனுப்பப்பட்டதாக டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் தாவல் காட்டுவதும் மூன்றும் ஒன்றாக இருந்து, பதிவைத் திறக்கும்போது மட்டும் காலியாக வருகிறதென்றால் பழுது தளத்தின் உள்ளே இருக்கிறது. அனுப்பிய நேரத்தைக் குறித்துக்கொண்டு தளத்தாரிடம் தெரிவியுங்கள். உங்கள் பக்கத்தில் திருத்த எதுவுமில்லை.

## அறிகுறி 3: எழுத்து விடுபடுகிறது, இடம் மாறுகிறது, பழையதோடு ஒட்டிக்கொள்கிறது

பழைய மதிப்பின் வாலில் புதியது ஒட்டியிருந்தால், அழிக்காமல் இட்டிருக்கிறீர்கள். செண்ட் கீஸ் இருப்பதோடு சேர்த்தே எழுதும், ஃபில் பழையதை நீக்கிவிட்டு எழுதும். செலினியத்தின் கிளியர் கட்டளை கொடுத்தும் பழைய மதிப்பு திரும்பி வந்தால், கன்ட்ரோலுடன் ஏ விசையை அனுப்பி முழுவதையும் தேர்ந்தெடுத்து, டெலிட் விசையால் அழியுங்கள். மேக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்ட்.

தொலைபேசி எண், ஐஎஸ்பிஎன் போன்ற புலங்களில் இடையிடையே இலக்கம் காணாமல் போனால், அப்புலம் தட்டத் தட்டக் கோடும் இடைவெளியும் தானே சேர்த்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் அது தன்னைத் திருத்தி எழுதும் நேரத்துக்குள் அடுத்த எழுத்து வந்து விழுந்தால் கர்சர் இடம் மாறுகிறது. பிரஸ் சீக்வென்ஷியலியில் டிலே அளவை 50 மில்லிவிநாடியாக வைத்துப் பாருங்கள், போதாவிட்டால் 100. இதைப் பழுதுள்ள புலத்துக்கு மட்டும் வையுங்கள், எல்லாப் புலங்களுக்கும் வேண்டாம். மூலக் கோப்பில் உள்ள கோடுகளை நீக்கி வெறும் இலக்கங்களாக அனுப்புவது அதைவிட நல்லது.

முதல் புலத்தில் மட்டும் முதல் சில எழுத்துகள் விடுபட்டால், பக்கம் தோன்றியபின்னும் அதன் ஜாவாஸ்கிரிப்ட் ஆயத்தமாகவில்லை. சேமிப்புப் பொத்தானோ பட்டியலோ செயலுக்கு வரும்வரை காத்திருந்து தொடங்குங்கள்.

## அறிகுறி 4: தமிழ் எழுத்து கட்டமாக, கேள்விக்குறியாக, குப்பையாக வருகிறது

இங்கே எந்தக் குப்பை என்பதைப் பொறுத்தே காரணம் பிரிகிறது. ஆகவே திரையை உற்றுப் பாருங்கள்.

வெற்றுக் கட்டங்கள்

லினக்ஸ் சர்வரில் ஓடும் ஹெட்லெஸ் உலாவி எடுத்த படத்தில் மட்டும் கட்டங்கள் தெரிந்தால், அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. தரவு நலமாகவே இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும்.

கேள்விக்குறிகள்

எக்செல்லில் சாதாரண சிஎஸ்வி வடிவில் சேமித்திருக்கிறீர்கள். அந்த வடிவம் விண்டோஸின் பழைய குறியேற்றத்தைப் பயன்படுத்துவதால், தமிழ் எழுத்துகள் சேமிக்கும் கணத்திலேயே கேள்விக்குறிகளாகி அழிந்துவிட்டன. அக்கோப்பிலிருந்து அவற்றை மீட்க வழியில்லை. மூல எக்செல் கோப்புக்குத் திரும்பி, சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற தெரிவில் சேமியுங்கள். அப்படிச் சேமித்த கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேர்வதால், முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் பொருந்தாமல் போகும். பைத்தானில் குறியேற்றத்தை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் அக்குறி நீங்கும்.

தலையில் சாய்கோடு ஏந்திய லத்தீன் ஏ எழுத்தும், வட்டத்துக்குள் உள்ள ஆர் குறியும் மாறி மாறி

கோப்பு சரியானது, படித்த முறை தவறு. விண்டோஸில் பைத்தான், குறியேற்றம் சொல்லப்படாதபோது பழைய குறியேற்றத்தில் திறக்கிறது. திறக்கும் வரியில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள்.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த உளறல்

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த உரை இது. வேர்டில் அந்த எழுத்துருவோடு பார்க்கும்போது தமிழாகத் தெரிவது, படிவத்தில் விழும்போது உண்மை உருவைக் காட்டுகிறது. பதிப்பகங்களிலிருந்து வரும் பழைய பின்னட்டைக் குறிப்புகளில் இது இன்னும் மிகுதி. எந்த எழுத்துரு என்று அறிந்து, அதற்குரிய மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் கண்ணால் ஒரு முறை படித்துத் திருத்துவது கட்டாயம். உரை நூற்றுக்கணக்கான பக்கங்களாக இருந்து, பல எழுத்துருக்கள் கலந்தும் இருந்தால், மெய்ப்புப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கூலி கொடுத்து ஒப்படையுங்கள். அந்தச் செலவு வீண்போவதில்லை.

தமிழ் சரி, இமோஜி வந்தால் மட்டும் நிற்கிறது

பிஎம்பி என்ற சொல்லோடு குரோம்டிரைவர் ஒரு பிழைச்செய்தியைத் தந்தால், யூனிகோடின் முதல் 65,536 இடங்களுக்கு அப்பாற்பட்ட எழுத்து ஒன்று உரையில் இருக்கிறது. நாம் அன்றாடம் எழுதும் தமிழ் முழுவதும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. இமோஜிகளும், 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்க்கப்பட்ட பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் எல்லைக்கு வெளியே உள்ளன. பிளேரைட்டுக்கு மாறுங்கள், அல்லது அந்தப் புலத்தை மட்டும் அறிகுறி 2-இல் சொன்ன ஜாவாஸ்கிரிப்ட் வழியில் இடுங்கள்.

பார்வைக்குச் சரி, தேடினால் கிடைக்கவில்லை

இதைத் தமிழ்த் தரவோடு பழகுபவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். "கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறிக்கென்று தனிக் குறியீட்டெண் ஒன்று உண்டு. அதையே ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீட்டெண்களாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஸ்கிரிப்ட் இட்ட "கொற்கை" என்ற தலைப்பு, வாசகர் தேடும் "கொற்கை"யோடு பொருந்தாமல் போவது இதனால்தான். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் செயற்கூறை, இரண்டாகப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவில், இடுவதற்கு முன் ஒவ்வொரு உரைக்கும் பயன்படுத்தினால் இது தீரும்.

ஆனால் என்எஃப்சியால் தீராத இரண்டு உண்டு. "ஔவையார்" என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்துகளாகத் தட்டியிருந்தால், அது வேறு எழுத்துகளின் சேர்க்கையாகவே கருதப்படும். "ஸ்ரீ" என்பதன் முதல் எழுத்தும் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. இவற்றை ஒரு மாற்றுப் பட்டியலில் வைத்து ஸ்கிரிப்டிலேயே திருத்துங்கள். வலைப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த உரையில் ஒளிந்திருக்கும் அகலமற்ற இடைவெளிக் குறிகளையும் அப்போதே நீக்கிவிடுங்கள்.

தலைப்பின் வால் வெட்டுப்படுகிறது

"சிறுகதைகள்" என்ற சொல்லில் நம் கணக்கில் 6 எழுத்துகள். புலத்தில் இடக்கூடிய நீளத்தின் எல்லையான மேக்ஸ்லெங்த் கணக்கில் அது 10, ஏனெனில் ஒவ்வொரு துணைக்குறியும் புள்ளியும் தனியே எண்ணப்படுகின்றன. தளத்தின் தரவுத்தளம் பைட்டுகளில் எல்லை வைத்திருந்தால் அதுவே 30. ஆங்கிலத்துக்கு வகுத்த 100 என்ற எல்லை தமிழ்த் தலைப்புக்குப் பல வேளைகளில் போதுவதில்லை. பைத்தானின் லென் தரும் எண்ணை மேக்ஸ்லெங்த்தோடு ஒப்பிட்டு, மிகுவனவற்றை இடாமல் தனியே பட்டியலிடுங்கள். சுருக்குவது எப்படி என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். ஜாவாஸ்கிரிப்டால் இட்டால் மேக்ஸ்லெங்த் தடுக்காது என்பதற்காக அந்த வழியில் எல்லையை மீற வேண்டாம். வெட்டு சர்வரில் விழும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

## அறிகுறி 5: எண்ணும் தேதியும் தவறாகப் பதிகின்றன

ஐஎஸ்பிஎன் 13 இலக்கங்கள் கொண்டது. எக்செல்லின் பொதுவான வடிவத்தில் 12 அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கங்கள் அடுக்குக்குறி வடிவில் சுருங்கித் தெரியும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால், சுருங்கியதுதான் கோப்பில் எழுதப்படும், பின் இலக்கங்கள் போய்விடும். தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசையை உரை வடிவுக்கு மாற்றுங்கள். 044 போன்ற தொலைபேசிக் குறியீட்டின் முன் பூச்சியம் தொலைவதற்கும் இதுவே மருந்து. எண்ணின் வாலில் புள்ளியும் பூச்சியமும் ஒட்டி வந்தால், கோப்பைப் படிக்கும் பைத்தான் தொகுதியான பாண்டாஸ் அந்த நெடுவரிசையில் ஒரு காலி அறையைக் கண்டு முழுவதையும் தசம எண்ணாக மாற்றியிருக்கிறது. படிக்கும்போதே எல்லாம் உரை என்று டிடைப்பில் சொல்லிவிடுங்கள். ஐஎஸ்பிஎன்னின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கமாகும்: 13 இலக்கங்களை 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். இந்தச் சோதனையை இடுவதற்கு முன் ஓடவிட்டால் தவறான எண்களில் பெரும்பாலானவை படிவத்தை எட்டாது.

தேதிப் புலம் இதைவிட வஞ்சகமானது. உலாவியின் நாட்காட்டிப் புலத்தில் செண்ட் கீஸால் இடும்போது, நாள் முதலா மாதம் முதலா என்பது அந்த உலாவியின் மொழி அமைப்பைப் பொறுத்தது. உங்கள் மேசைக் கணினியில் ஆகஸ்ட் 5 என்று பதிந்த 05, 08 என்பவை, அமெரிக்க ஆங்கிலத்தில் ஓடும் சர்வரில் மே 8 ஆகிவிடும். நாள் 12-க்கு மேற்பட்டிருந்தால் தவறு உடனே கண்ணில் படும். 12-க்குள் இருந்தால் சத்தமின்றி மாறிவிடும். அப்புலத்தின் உள் மதிப்பு எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், இடையில் சிறுகோடுகளுடன் இருக்கும். பிளேரைட்டின் ஃபில் அந்த வடிவையே கேட்கிறது, வேறு வடிவில் கொடுத்தால் மறுக்கிறது. அந்த மறுப்பு நமக்கு நன்மையே.

## அறிகுறி 6: பாதியில் படிவம் தானாகச் சமர்ப்பிக்கப்படுகிறது

உரைக்குள் வரி முறிவு இருக்கிறது. எக்செல் அறைக்குள் ஆல்ட் எண்டர் தட்டி இரண்டு வரியாக எழுதிய தலைப்பு, செண்ட் கீஸ் வழியாகப் போகும்போது எண்டர் விசையாகவே விழுகிறது. ஒற்றை வரிப் புலத்தில் எண்டர் என்றால் சமர்ப்பித்தல். டேப் எழுத்து இருந்தால் கர்சர் அடுத்த புலத்துக்குத் தாவி, மீதி உரை அங்கே விழும். ஒற்றை வரிப் புலங்களுக்கான உரைகளில் இவ்விரண்டையும் இடைவெளியாக மாற்றிவிடுங்கள். அதுவரை இட்ட அரைகுறைப் பதிவுகளைத் தேடி அழிக்கவும் மறவாதீர்கள்.

## அறிகுறி 7: ஓடுகிறது, ஆனால் மிக மெதுவாக

முதலில் ஸ்கிரிப்டில் ஸ்லீப் என்ற சொல்லைத் தேடுங்கள். 12 புலங்களுக்கும் இரண்டிரண்டு விநாடி என்றால் ஒரு நூலுக்கு 24 விநாடி, 300 நூல்களுக்கு இரண்டு மணி நேரம். தட்டச்சுக்கு ஆகும் நேரம் அதில் மிகச் சிறு பங்கே. அடுத்து, உரையை எழுத்தெழுத்தாக ஒரு சுழற்சியில் அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். செலினியத்தில் ஒவ்வொரு கட்டளையும் டிரைவருக்குத் தனிக் கோரிக்கையாகப் போவதால், முழு உரையையும் ஒரே செண்ட் கீஸில் அனுப்புவதே முறை. செலினியத்தில் எல்லாத் தேடல்களுக்கும் பொதுவான காத்திருப்பான இம்ப்ளிசிட் வெயிட் பத்து விநாடி என்று வைத்திருந்தால், இல்லாத புலத்தைத் தேடும் ஒவ்வொரு முறையும் முழுப் பத்து விநாடி கழியும். அதை எடுத்துவிட்டு வெளிப்படையான காத்திருப்பை மட்டும் வையுங்கள். இரண்டையும் கலந்தால் காத்திருக்கும் நேரம் கணிக்க முடியாததாகிவிடும். பின்னட்டைக் குறிப்பு போன்ற நீண்ட உரைக்கு மட்டும் ஃபில் அல்லது ஜாவாஸ்கிரிப்ட் வழி. கிளிப்போர்டில் நகலெடுத்து ஒட்டும் முறையை நான் கைவிட்டுவிட்டேன், ஏனெனில் அதே கணினியில் வேறொருவர் எதையாவது நகலெடுத்தால் அது நூலின் குறிப்பாகப் பதிந்துவிடுகிறது.

இவ்வளவும் செய்தபின்னும் போதவில்லை என்றால், படிவமே தவறான வாசல் என்று கொள்ளலாம். தளத்தில் மொத்தமாகக் கோப்பேற்றும் வசதியோ, நிரல் நேரே தரவை அனுப்பும் ஏபிஐயோ இருக்கிறதா என்று கேளுங்கள். நூல் விவரங்களுக்கென்றே ஓனிக்ஸ் என்ற எக்ஸ்எம்எல் வடிவம் இருக்கிறது. நீங்கள் இடுவது ஒரு நூலகத்தின் பட்டியலில், அந்நூலகம் கோஹா என்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்துகிறதென்றால், மார்க் என்ற நூற்பட்டியல் வடிவில் உள்ள பதிவுகளைக் கோப்பாகவே உள்ளே ஏற்றலாம், ஒரு புலத்தையும் தட்ட வேண்டியதில்லை. இந்த வடிவங்களை முதல் முறை அமைப்பதற்கு அறிந்த ஒருவரை அமர்த்துவது, ஆண்டு முழுதும் ஸ்கிரிப்டைப் பழுதுபார்ப்பதைவிட மலிவு.

## அறிகுறி 8: நேற்று வரை ஓடியது, இன்று தளம் தடுக்கிறது

சில வரிசைகளுக்குப்பின் உள்நுழைவுப் பக்கம் வந்தால் அமர்வு காலாவதியாகியிருக்கிறது. உள்நுழைந்த நிலையைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துங்கள். பிளேரைட்டில் அதற்கு ஸ்டோரேஜ் ஸ்டேட் உண்டு. அந்தக் கோப்பு கடவுச்சொல்லுக்கு நிகரானது, பிறர் கையில் படாமல் வையுங்கள். நெட்வொர்க் தாவலில் 429 என்ற எண் தெரிந்தால், மிகை வேகத்தில் அனுப்புகிறீர்கள். தளம் எவ்வளவு நேரம் காத்திருக்கச் சொல்கிறதோ அவ்வளவு காத்திருந்து, பின்னர் பதிவுகளுக்கிடையே இடைவெளி விடுங்கள்.

கேப்ட்சா வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும், மனிதர் வந்து நிரப்பித் தொடர வேண்டும். அதைத் தாண்டுவதற்கான தந்திரங்களை நான் எவருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. கேப்ட்சா என்பது தளத்தார் வைத்த வேலி. தானியங்கியை அவர்களின் விதிமுறைகள் தடுக்கின்றனவா என்று படித்து, தடுத்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். உங்கள் விற்பனைக் கணக்கு முடக்கப்பட்டால் இழப்பு ஒரு நாளின் தட்டச்சோடு முடிவதில்லை. ஓடிபி கேட்கும் அரசு, வங்கிப் படிவங்களுக்கும் இதே நிலைதான்.

பழுது எதுவானாலும், வெளியாள் ஒருவரை அழைக்கும் முன் நான்கு பொருள்களைத் திரட்டி வையுங்கள்: பழுது வந்த ஒரே வரிசை, முழுப் பிழைச்செய்தி, அந்நேரத்துத் திரைப்பிடிப்பு, உலாவியின் பதிப்பெண்ணும் செலினியம் அல்லது பிளேரைட்டின் பதிப்பெண்ணும். எந்த வரிசை வரை பதிந்தது என்று வரிசைக்கு ஒரு வரியாக எழுதும் பதிவுக் கோப்பையும் கொடுங்கள். அது இல்லாமல் மறுபடி தொடங்கினால், வருபவரின் முதல் நாள் கூலி இரட்டைப் பதிவுகளைத் தேடி அழிப்பதிலேயே போய்விடும்.